எல்லாரையும் ‘நீ’ என்று கூப்பிட்ட ஊர்



போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல் ப்ளாக்ல ஒரு சண்டை. தண்ணி பிடிக்கிற இடத்துல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன், ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தரைப் பார்த்து “நீ பிடிச்சு முடிச்சிட்டியா?”ன்னு கேட்டுட்டான். அவ்வளவுதான். “யாரைப் பார்த்து ‘நீ’ங்கிற?”ன்னு ஆரம்பிச்சு, ரெண்டு ரூம் ஆளுங்க கூடி, கடைசில வார்டன் வந்து கலைச்சு விடுற வரைக்கும் போச்சு. அந்தப் பையன் மேல தப்பே இல்ல. அவன் வீட்ல அப்பாவையே ‘நீ’ன்னுதான் கூப்பிடுவாங்களாம்.

அன்னைக்கு ராத்திரி என் ரூம்மேட் ஒரு தியரி சொன்னான். “பிரச்சினையே மொழிலதான்டா இருக்கு. நீ, நீங்க, நீர், தாங்கள்னு அடுக்கடுக்கா வெச்சிருக்கோம். ஒரு வாக்கியம் பேசணும்னாலே எதிர்ல நிக்கிறவன் நமக்கு மேலயா கீழயான்னு கணக்குப் போட வேண்டியிருக்கு. எல்லாருக்கும் ஒரே ஒரு ‘நீ’ இருக்கிற மொழியா இருந்தா இந்த மேல்-கீழ் எல்லாம் தானா போயிடும்.”

கேட்க நல்லா இருந்தது. நானும் தலையாட்டினேன். உங்கள்ல பல பேரும் இதைச் சொல்லியிருப்பீங்க, இல்லைன்னா கேட்டிருப்பீங்க.

அப்புறம் லீவுல ஒரு மொபைல் ஆப்ல விளையாட்டா லத்தீன் கத்துக்க ஆரம்பிச்சேன். (மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு லத்தீன் எதுக்குன்னு அம்மா கேட்டாங்க. இன்னும் பதில் சொல்லல.) பாடத்துல வர்ற ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுற விதம் விசித்திரமா இருந்தது. தேடிப் பார்த்தா, இதுக்குன்னே ஒரு முழுப் புத்தகம் இருக்கு. எலினார் டிக்கி என்கிற ஆய்வாளர் எழுதி, 2002-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. அங்கிருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணா படிச்சுக்கிட்டே போனேன். லீவு முடியறதுக்குள்ள ரூம்மேட்டோட தியரி என் மனசுல உடைஞ்சு போச்சு. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

அடிமைக்கும் ‘தூ’, அரசனுக்கும் ‘தூ’

லத்தீன்ல ‘நீ’ங்கிறதுக்கு ‘தூ’. ஆமா, நாம துப்பும்போது போடுற அதே சத்தம்தான். நம்ம ஊர்ல ஒருத்தர் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ரோமில் அடிமை எஜமானைப் பார்த்து ‘தூ’ என்றான். எஜமானும் அடிமையை ‘தூ’ என்றான். மகன் அப்பாவை, செனட் உறுப்பினர் சக்கரவர்த்தியை, பக்தன் ஜூபிடர் கடவுளை, எல்லாரும் எல்லாரையும் ‘தூ’தான். ‘வோஸ்’னு இன்னொரு சொல் உண்டு. ஆனா அதுக்கு ‘நீங்க எல்லாரும்’னு மட்டும்தான் அர்த்தம். ஒரே ஒரு ஆளை மரியாதைக்காக ‘வோஸ்’ என்று சொல்கிற பழக்கம் பேரரசின் கடைசிக் காலத்தில்தான் மெல்லத் தலை காட்டியது. இன்னைக்கு பிரெஞ்சுக்காரங்க மரியாதையா சொல்ற ‘வூ’ அந்த ‘வோஸ்’ வழி வந்ததுதான்.

ஆக, என் ரூம்மேட் கேட்ட மொழி இதேதான். ஒரே ‘நீ’. அப்போ ரோம் சமத்துவபுரமா இருந்திருக்கணுமே? மனுஷனைச் சந்தையில் நிறுத்தி, பல்லைப் பார்த்து வாங்கிய ஊர் அது.

மேல்-கீழ் அங்கே காணாமப் போகல. வேற இடத்துக்குக் குடி போயிடுச்சு. ‘நீ’யில் இல்லாதது எல்லாம் கூப்பிடுற சொல்லில், அதாவது விளியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

விளின்னதும் பள்ளிக்கூடத்துல படிச்ச எட்டாம் வேற்றுமை ஞாபகம் வருதா? தொல்காப்பியத்தில் ‘விளிமரபு’ என்று அதுக்குத் தனி இயலே இருக்கு. லத்தீனுக்கும் விளி வேற்றுமை உண்டு. நம்ம ‘அண்ணன்’ கூப்பிடும்போது ‘அண்ணா’ ஆகிற மாதிரி, அங்கே மார்குஸ் ‘மார்கெ’ ஆவான், பூப்ளியுஸ் ‘பூப்ளி’ ஆவான். காலை வாரி விட்ட ஃபிரெண்டை நாம ‘ப்ரூட்டஸ்’னு திட்டுறோமே, ஷேக்ஸ்பியர் நாடகத்துல சீசர் சாகும்போது அந்தப் பேர் ‘ப்ரூட்டே’ன்னு வர்றதுக்கும் இதுதான் காரணம்.

மூணு பேர், மூணு வாசல்

வசதியான ரோமானிய ஆணுக்கு மூணு பேர். மார்குஸ் துல்லியுஸ் சிசரோவை எடுத்துக்குவோம். மார்குஸ் அவருடைய சொந்தப் பேர். துல்லியுஸ் குலப் பேர். சிசரோ அந்தக் குடும்பக் கிளையின் பட்டப்பேர். இதில் ‘சிசரோ’வுக்கு மூலம் கொண்டைக்கடலை! முன்னோர் ஒருத்தருக்கு மூக்கு நுனியில் கடலைப் பிளவு மாதிரி ஒரு பள்ளம் இருந்ததாம், அதிலிருந்து வந்தது என்று ப்ளூடார்க் எழுதுகிறார். அரசியலுக்கு வரும்போது இந்தப் பேரை மாத்திக்கோன்னு நண்பர்கள் சொன்னாங்களாம். மாத்த மாட்டேன், பெரிய பெரிய குடும்பப் பேரை விட இதைப் பிரபலம் ஆக்கிக் காட்டுறேன் என்று சிசரோ சொல்லிவிட்டார். பிறகு சிசிலியில் அதிகாரியாக இருந்தபோது கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தில் முதல் ரெண்டு பேரை எழுத்தில் பொறிக்கச் சொல்லி, மூணாவதுக்குப் பதிலா ஒரு கொண்டைக்கடலையை வரையச் சொன்னாராம். மனுஷன் மீம் கிரியேட்டரா இருந்திருக்க வேண்டியவர்.

இப்போ கவனிங்க. செனட் சபையில் பேச எழுப்பும்போது அவர் ‘மார்கெ துல்லி’. நண்பர்களுக்கு ‘சிசரோ’. தம்பி குயிண்டுஸ் எழுதும்போது ‘மீ மார்கெ’, அதாவது ‘என் மார்குஸே’. யார் எந்தப் பேரால் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கேட்டாலே, அந்த ஆள் வீட்டின் எந்த வாசல் வரைக்கும் வரலாம் என்று தெரிந்துவிடும்.

சொந்தப் பேருக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. அடிமைக்கு அது கிடையாது. அதனால ‘மார்குஸ்’, ‘குயிண்டுஸ்’னு ஒருத்தரைக் கூப்பிடுறது ‘நீ சுதந்திர மனுஷன்’னு சொல்ற மாதிரி. கவிஞர் ஹொராஸ் தன் நையாண்டி ஒன்றில், சொத்துள்ள கிழவர்களிடம் உயில் எழுதி வாங்க என்ன வழி என்று கிண்டலாகப் பாடம் நடத்துகிறார். அதில் ஒரு டிப்ஸ் இதுதான்: சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடு, அதைக் கேட்டால் அவர்கள் காது குளிர்ந்துவிடும்.

பெண்களுக்கு? துல்லியுஸ் வீட்டுப் பெண் துல்லியா. ஜூலியுஸ் வீட்டுப் பெண் ஜூலியா. குலப் பேரைப் பெண்பால் ஆக்கினால் முடிந்தது. ரெண்டு பெண் பிறந்தால்? மார்க் ஆண்டனிக்கும் ஆக்டேவியாவுக்கும் ரெண்டு மகள்கள். ரெண்டு பேருக்கும் பேர் அண்டோனியா. மூத்தவளை ‘பெரிய அண்டோனியா’ என்றும் இளையவளை ‘சின்ன அண்டோனியா’ என்றும் வரலாறு பிரித்துச் சொல்கிறது. உலகத்தையே ஆண்ட குடும்பத்துல பொண்ணுக்குத் தனியா ஒரு பேர் யோசிக்க யாருக்கும் நேரம் இல்ல.

நரை விழுந்த ‘பையன்’

இப்போ கீழே இறங்குவோம்.

‘புவெர்’ என்றால் லத்தீனில் சின்னப் பையன். அடிமையைக் கூப்பிடவும் அதே சொல்தான். அவனுக்குப் பத்து வயசா இருக்கலாம், அறுபது வயசா இருக்கலாம், பேரப்பிள்ளைகூட இருக்கலாம். எஜமானுக்கு அவன் ‘புவெர்’. இன்னும் பழைய காலத்தில் அடிமைக்குத் தனிப்பேர்கூடத் தேவைப்படவில்லை. மார்குஸின் பையன் ‘மார்க்கிபோர்’, லூக்கியுஸின் பையன் ‘லூக்கிபோர்’. பேருக்குள்ளேயே ஓனர் பேர். நம்ம லேப்ல லேப்டாப் மேல ஒட்டுற அசெட் டேக் மாதிரி.

பிறகு அடிமைகள் பெருகியதும் பேர் வைக்க வேண்டி வந்தது. எப்படி வைத்தார்கள் என்பதை வார்ரோ என்ற அறிஞர் ஒரு உதாரணமாக எழுதி வைத்திருக்கிறார். எஃபெசுஸ் நகரத்தில் மூன்று பேர் ஆளுக்கு ஓர் அடிமை வாங்குகிறார்கள். ஒருவர் விற்ற வியாபாரி பேரான அர்த்தமிதோருஸிலிருந்து எடுத்து ‘அர்த்தமாஸ்’ என்று பேர் வைக்கிறார். இன்னொருவர் அந்த வட்டாரம் அயோனியா என்பதால் ‘அயோன்’ என்கிறார். மூன்றாமவர் ஊர்ப் பேரை வைத்து ‘எஃபெசியுஸ்’ என்கிறார். வார்ரோ இதைச் சொன்னது இலக்கணம் விளக்க. ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல் எப்படிப் பிறக்கிறது என்று காட்ட வந்த சாதாரண உதாரணம். அந்த மூணு பேருக்கும் அம்மா வெச்ச பேர் என்னவா இருந்திருக்கும்னு அவருக்குத் தோணவே இல்ல. படிச்சப்போ எனக்கு உறுத்தினது அதுதான்.

ப்ளாட்டுஸ் எழுதின காமெடி நாடகங்களில் அடிமை தன் எஜமானை ‘எரெ’ என்கிறான், அதாவது ‘முதலாளி’. எஜமானுக்குக் கோபம் வந்தால் அடிமைக்குக் கிடைக்கிற பேர்களைப் பாருங்க. ‘வெர்பெரோ’, அதாவது அடி வாங்குறவன். ‘ஃபுர்க்கிஃபெர்’, அதாவது தண்டனையாகக் கழுத்தில் கவைக்கட்டை சுமக்கிறவன். திட்டு வார்த்தையே என்ன தண்டனை கிடைக்கும் என்பதை ஞாபகப்படுத்துகிறது. இத்தனைக்கும் வாக்கியம் முழுக்க ரெண்டு பக்கமும் அதே ‘தூ’. சமத்துவமான ‘நீ’!

விடுதலை கிடைத்தாலும் கதை முழுசா முடியாது. சிசரோவின் அடிமை டிரோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். சுருக்கெழுத்தோடு பேர் சேர்ந்து நிற்கிற ஆள், சிசரோவின் வலது கை. கி.மு. 53-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. தம்பி குயிண்டுஸ் சந்தோஷப்பட்டு அண்ணனுக்குக் கடிதம் எழுதினார், டிரோ நமக்கு அடிமையாக இல்லாமல் நண்பனாக இருக்க வேண்டியவன் என்று நீ முடிவு செய்தாயே என்று. உண்மையிலேயே அன்பான கடிதம் அது. ஆனால் வழக்கப்படி விடுதலையான அடிமைக்கு எஜமானின் முதல் ரெண்டு பேரும் வந்து ஒட்டிக்கொள்ளும். டிரோ ‘மார்குஸ் துல்லியுஸ் டிரோ’ ஆனார். இப்போ அவருக்கும் மூணு பேர். அதுல ரெண்டு, தன்னை வெச்சிருந்தவரோட பேர்.

பேர் மறந்தா ‘ப்ரோ’

நம்ம கேம்பஸ்ல பேர் தெரியாத ஆளை எப்படிக் கூப்பிடுவோம்? ‘ப்ரோ’. கொஞ்சம் பெரிய ஆளா தெரிஞ்சா ‘சார்’, ‘ஜி’. நூறு பேர்ல அறுபது பேர் நமக்கு ‘ப்ரோ’தான்.

ரோமானியர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. தத்துவ ஞானி செனகா ஒரு கடிதத்தில் போகிற போக்கில் சொல்கிறார்: எதிரில் வருகிறவர் பேர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் ‘டொமினே’ என்று சொல்லி வைக்கிறோம் என்று. ‘டொமினுஸ்’ என்றால் எஜமான், அடிமைக்கு உரிமையாளன். அவ்வளவு கனமான சொல், தெருவில் பேர் மறந்தவனைச் சமாளிக்கிற சொல்லாகத் தேய்ந்துவிட்டது.

அதே சொல்லை அகஸ்டஸ் சக்கரவர்த்தி தன் பக்கத்தில் விடவில்லை. யாரும் தன்னை ‘டொமினுஸ்’ என்று கூப்பிடக் கூடாது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று தடுத்தார் என சூட்டோனியஸ் எழுதுகிறார். அதிகாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. சொல் மட்டும் வேண்டாமாம்! சுமார் எழுபது வருஷம் கழித்து வந்த டொமிஷியன், ‘எங்கள் எஜமானும் கடவுளும்’ என்றே தன்னைச் சொல்ல வைத்தார். ரெண்டு பேரும் சக்கரவர்த்திகள்தான். ஒருத்தர் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்தார், இன்னொருத்தர் அதுக்கு ஆசைப்பட்டார். சும்மா வெறும் சொல்தானேன்னு ரெண்டு பேருமே நினைக்கல.

டொமிஷியன் காலத்தில் வாழ்ந்த கவிஞர் மார்ஷியல் சொல்கிற கதை இன்னும் நல்லா இருக்கும். ரோமில் ஏழை, நடுத்தர ஆட்கள் விடியற்காலையிலேயே எழுந்து, டோகா மாட்டிக்கொண்டு, பணக்காரர் வீட்டு வாசலில் போய் வணக்கம் வைக்க வேண்டும். அப்படி வருகிறவர்களுக்குத் தினப்படி மாதிரி ஒரு சின்னத் தொகை கிடைக்கும், 100 குவாட்ரன்ஸ். குவாட்ரன்ஸ்தான் அங்கே மிகச் சின்னக் காசு. ஒன்று கொடுத்தால் பொதுக் குளியல் கூடத்தில் ஒரு தடவை குளிக்கலாம். ஒரு நாள் காலையில் மார்ஷியல் தன் புரவலரை ‘டொமினே’ என்று சொல்லாமல் பேரைச் சொல்லி வணங்கிவிட்டார். அன்றைய 100 குவாட்ரன்ஸ் போச்சு! இந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை என்று நாலே வரியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஒரு விளிச்சொல்லோட விலை நூறு குளியல்.

மேலே இருந்தவர்களுக்கோ கீழே இருப்பவர்கள் பேரை ஞாபகம் வைப்பது பெரிய வேலை. அதற்கும் ஓர் அடிமை. ‘நோமென்கிளாட்டர்’ என்று பேர். தேர்தலில் நிற்கிறவர் தெருவில் நடக்கும்போது கூடவே வந்து, எதிரில் வருகிறவர் பேரைக் காதில் கிசுகிசுப்பான். இவரும் ரொம்ப நாள் பழகின மாதிரி பேர் சொல்லிக் கை கொடுப்பார். கி.மு. 63-ல் முரேனா என்பவருக்காக வாதாடும்போது சிசரோ, கறார் நேர்மைக்குப் பேர் போன கேட்டோவை இதை வைத்தே கோர்ட்டில் கலாய்க்கிறார். ஊர்க்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நல்ல விஷயம்தான், ஆனால் உன்னை விட உன் அடிமைக்கு அவர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறதே, அது வெட்கம் இல்லையா என்கிற தொனியில். நம்ம காலத்துல அந்த வேலையை ஃபோன் கான்டாக்ட் லிஸ்ட் பார்க்குது.

ஒரே வார்த்தையில் முடிந்த ஸ்ட்ரைக்

இதுவரைக்கும் கூப்பிடுகிற சொல் ஒருத்தரை எப்படிக் கட்டிப் போடும் என்று பார்த்தோம். அது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்றேன்.

கி.மு. 47. சீசரின் படைவீரர்கள் கலகத்தில் இறங்கினார்கள். வருஷக் கணக்காகச் சண்டை போட்டாச்சு, பேசின பரிசு வரல, எங்களை விடுவிச்சு அனுப்பு என்று கேட்டார்கள். ஆப்பிரிக்காவில் அடுத்த போர் காத்திருக்கிறது, நம்மை விட்டால் இவருக்கு ஆள் இல்லை, பேரம் படியும் என்று கணக்கு. சீசர் நேராக அவர்கள் நடுவில் போய் நின்றார். வழக்கமாக அவர் தன் வீரர்களை ‘கொம்மிலித்தோனேஸ்’ என்பார். ‘என்கூடச் சேர்ந்து போரிடும் தோழர்களே’ என்று அர்த்தம். அன்றைக்கு வாய் திறந்து சொன்னது ‘குவிரீத்தேஸ்’. ‘குடிமக்களே.’

திட்டு இல்ல. ரோமானியக் குடிமக்களைக் கூப்பிடுகிற மரியாதையான சொல்தான். ஆனால் அந்த வீரர்களுக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்தது. நீங்க இனி சிவிலியன், நமக்குள்ள ஒண்ணும் இல்ல, போகலாம். நாங்கள் குடிமக்கள் இல்லை, வீரர்கள் என்று அவர்களே கத்தினார்கள். கேட்ட விடுதலையைக் கொடுத்ததும், எங்களைக் கூடவே வைத்துக்கொள் என்று கெஞ்சினார்கள். ஆயிரக்கணக்கான ஆயுதம் தாங்கிய ஆட்கள். ஒரு சொல்லை எடுத்துட்டார், அவ்வளவுதான்.

அண்ணே, பணம் அனுப்பு

விளின்னா எப்பவும் அதிகார விளையாட்டுதான்னு நினைச்சிடாதீங்க. இங்கிலாந்தின் வடக்கில் விண்டோலாண்டா என்கிற பழைய ரோமானியப் படை முகாமில் 1973-லிருந்து மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் தோண்டி எடுக்கப்பட்டு வருகின்றன. ஏறக்குறைய கி.பி. 100-ஐ ஒட்டியவை. பெரிய மனுஷங்க எழுதினது இல்ல. முகாம் வாழ்க்கையின் அன்றாடச் சங்கதி.

அதில் ஆக்டேவியுஸ் என்பவர் கந்திதுஸ் என்பவரை ‘ஃப்ராத்தெர்’ என்று கூப்பிட்டு எழுதுகிறார். ‘சகோதரா’. உடன்பிறந்தவர்தான் என்று அர்த்தம் இல்லை, சக ஆளை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். விஷயம் என்ன? தானியம் வாங்க அட்வான்ஸ் கொடுத்தாச்சு, குறைஞ்சது 500 தினாரியுஸ் அனுப்பலைன்னா கொடுத்த முன்பணம் போயிடும், மானமும் போயிடும். மாசக் கடைசியில ‘அண்ணா’ன்னு ஆரம்பிக்கிற மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும்தானே? ‘அண்ணா’ வந்தாலே அடுத்து ஜிபேன்னு நமக்குத் தெரியும். அது 1900 வருஷத்துப் பழக்கம்.

இன்னொரு கடிதம். கிளாவ்டியா செவெரா என்கிற அதிகாரியின் மனைவி, இன்னொரு முகாமில் இருக்கும் சுல்பிக்கியா லெபிதினாவைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறார். செப்டம்பர் 11. கடிதத்தை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் மட்டும் வேறு கையெழுத்து, அவர் தானே எழுதியது. அதில் தோழியை ‘சோரோர்’ என்கிறார், அதாவது ‘சகோதரி’. ‘என் உயிரே’ என்றும் சொல்கிறார். ஒரு பெண் தன் கையாலேயே எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய லத்தீன் வரிகளில் இதுவும் ஒன்று. ஊர் விட்டு ஊர் வந்து, பேச்சுத் துணை இல்லாத குளிர்ப் பிரதேசத்தில், பேரை விட ‘சகோதரி’ என்கிற சொல்தான் தேவைப்பட்டிருக்கிறது.

விளி தேய்ந்து போவதையும் பார்க்கலாம். கி.மு. 58-ல் நாடு கடத்தப்பட்ட சிசரோ, மனைவி டெரன்ஷியாவுக்கு எழுதிய கடிதங்களில் ‘என் ஒளியே’ என்கிற மாதிரி கொஞ்சல்கள் வரும். பதினோரு வருஷம் கழித்து, கி.மு. 47 அக்டோபரில் எழுதிய கடைசிக் கடிதம் சில வரிதான். இன்ன நாள் வருவேன், கூட ஆட்கள் வரலாம், குளியலறையில் தொட்டி இல்லையென்றால் வைக்கச் சொல். தலைப்பில் வழக்கமான ‘டெரன்ஷியாவுக்கு’ மட்டும் இருக்கிறது. உள்ளே ஒரு விளிகூட இல்லை. கொஞ்ச நாளில் பிரிந்துவிட்டார்கள். சண்டை போட்ட கடிதம் எதுவும் தேவையில்ல, கூப்பிடுறது நின்னு போனதே போதும்.

தோசை அண்ணா

இப்போ ரூம்மேட் தியரிக்கு வர்றேன். ஒரே ‘நீ’ இருந்தும் ரோம் மனுஷனை மனுஷன் ‘பையா’ன்னு கூப்பிட்ட ஊர். அதனால நீ-நீங்க தகராறைத் தூக்கிப் போட்டா சமத்துவம் வந்துடும்னு என்னால நம்ப முடியல. அப்படின்னா ‘நீங்க’ன்னு சொன்னா மரியாதை வந்துடுமா?

நம்ம மெஸ்ல காலையில தோசைக்கல் பக்கம் நிக்கிறவரை உங்களுக்கெல்லாம் தெரியும். அம்பது வயசு தாண்டினவர். நாம யாரும் அவரை ‘நீ’ன்னு சொன்னதே இல்ல. “அண்ணா, நீங்க எனக்கு ஒரு முறுகல் போடுங்கண்ணா.” இலக்கணப்படி பார்த்தா மரியாதைக்கு முழு மார்க்.

மூணு மாசம் முன்னாடி நம்ம ஹாஸ்டல் குரூப்புல ஒரு மெசேஜ் வந்தது. மெஸ் ஊழியர் ஒருத்தருக்கு ஆபரேஷன், முடிஞ்சவங்க பணம் அனுப்புங்கன்னு, ஒரு பேரும் நம்பரும் போட்டிருந்தது. நான் பார்த்தேன். யாரோன்னு நினைச்சு அடுத்த மெசேஜுக்குப் போயிட்டேன். ரூம்மேட்டும் அப்படித்தான். நாலு நாள் கழிச்சு தோசைக்கல் பக்கம் புது ஆள் நிக்கிறதைப் பார்த்து “தோசை அண்ணா எங்க?”ன்னு கேட்டப்போதான் தெரிஞ்சது. மூணு வருஷமா தினமும் சிரிச்சுப் பேசின ஆளோட பேரை நான் ஃபோன்ல பார்த்தும் எனக்கு அது யார்னு தெரியல.

செனகா சொன்ன ‘டொமினே’வைப் பார்த்துச் சிரிச்சவன் நான். என்னோட ‘அண்ணா’ அதை விட எந்த விதத்துல உசத்தி?

அண்ணான்னு கூப்பிடுறதை நிறுத்துங்கன்னு நான் சொல்லல. செவெராவோட ‘சகோதரி’ மாதிரி, அந்தச் சொல்லுக்குள்ள உண்மையான உறவு இருக்க முடியும். பேருக்குப் பதிலா அதை வெச்சுச் சமாளிச்சிடாதீங்கன்னுதான் சொல்றேன். நீயா நீங்களான்னு ரெண்டு ரூம் கூடிச் சண்டை போடுற நாம, நமக்காகத் தினம் வேலை செய்யற எத்தனை பேரோட பேரைக் கேட்டிருக்கோம்? ரூம் கூட்ட வர்ற அக்கா? நைட் வாட்ச்மேன்? லேப்ல லேத் மெஷினைத் துடைச்சு வைக்கிறவர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்க. நான் எண்ணினப்போ ரெண்டு விரல்தான் மடங்குச்சு.

தோசை அண்ணா இப்போ நல்லா இருக்கார், வேலைக்கும் வந்துட்டார். பணம் லேட்டா அனுப்பினேன். அவர்கிட்ட போய் நேரா பேர் கேட்டேன், ஃபோன்ல பார்த்ததுதான்னாலும் அவர் வாயால கேட்கணும்னு தோணுச்சு. இந்தக் கட்டுரைல போடலாமான்னும் கேட்டேன். “புஸ்தகத்துல எல்லாம் எதுக்கு தம்பி, வேண்டாம்”னுட்டார். அதனால போடல. தோசை வாங்க நிக்கும்போது நீங்களே கேட்டுக்கோங்க.

ரோமில் ஊருக்குள்ளே பிணம் புதைக்கக் கூடாது. அதனால் ஊரை விட்டு வெளியே போகும் சாலைகளின் ரெண்டு பக்கமும் கல்லறைகள் இருக்கும். பல கல்வெட்டுகள் ‘வியாத்தோர்’ என்று ஆரம்பிக்கும். ‘வழிப்போக்கரே.’ கொஞ்சம் நில்லுங்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள் என்று செத்துப்போனவரே கூப்பிடுகிற மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் சத்தமாகப் படிக்கிறது வழக்கம். படிக்கிறவன் வாயில் அந்தப் பேர் ஒரு தடவை வரும். அவர்கள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அதுல விடுதலையான அடிமைகளோட கல்லும் நிறைய இருக்கு.